புகைமூட்டமும் சிறுதோட்டக்காரரின் வயிற்றுப்பாடும்: வாய்க்காலை அடைத்தால் மட்டும் போதுமா?

பதிவு 1 · நீர்மட்டம்

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி, காற்றில் கருகல் வாடை அடித்ததும் நம் இழைகளில் ஒரே குரல்தான்: தீ வைக்கிறவனைப் பிடித்து உள்ளே போடு. 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடான பிஎஸ்ஐ 401ஐத் தொட்டபோதும் இதே பேச்சு. 2015 செப்டம்பர் 25 அன்று பள்ளிகளை மூடியபோதும் இதே பேச்சு. தண்டனை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் புகை கிளம்பும் இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் மரமும் புல்லும் மட்டுமா எரிகின்றன? மண்ணே எரிகிறது. அந்த மண் ஏன் காய்ந்தது, அதை ஈரமாகவே வைத்திருந்தால் அங்குள்ள குடும்பத்துக்கு என்ன பிழைப்பு என்ற கேள்விக்கு விடை காணாமல் மிச்சமிருக்கும் காட்டைக் காக்க முடியாது என்பது என் வாதம்.

பீட் மண் என்பது இலையும் வேரும் மரமும் நீருக்கடியில் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்த மண். இயல்பில் நீர் தரையை ஒட்டியே நிற்கும். வாய்க்கால் வெட்டினால் நீர் வடியும், தரை உட்காரும். முதல் 5 ஆண்டுகளில் 1 மீட்டருக்கு மேல், பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. நன்றாகக் காய்ந்துவிட்ட பீட், மழை பெய்தாலும் நீரைப் பழையபடி பிடிக்காது. தீப்பிடித்தால் சுடர் தெரியாமல் அடியில் கனன்று கொண்டே நகரும். ஹெலிகாப்டர் ஊற்றும் தண்ணீர் மேல்பரப்போடு நின்றுவிடும்.

இந்தோனேசியாவின் 2014ஆம் ஆண்டு 71ஆம் எண் அரசு விதியும் 2016ல் அதற்கு வந்த திருத்தமும், பயிரிட அனுமதித்த பீட் நிலத்தில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 செ.மீ.க்கு மேல் இறங்கக்கூடாது என்கின்றன. 3 மீட்டரும் அதற்கு மேலும் ஆழமுள்ள பீட் பாதுகாக்கப்பட வேண்டியது. தாளில் எல்லாம் சரி. களத்தில் எது ஓடும், எது ஓடாது என்று தெரிந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். பேசுவோமா?

பதிவு 2 · உட்லண்ட்ஸ் வாசகர்

நிலத்தை எரித்துச் சுத்தம் செய்வதை 2009ஆம் ஆண்டின் 32ஆம் எண் சுற்றுச்சூழல் சட்டமே தடை செய்துவிட்டதே? மண்வாரி இயந்திரத்தை வாடகைக்கு எடுக்க வேண்டியதுதானே. ஏன் இன்னும் தீயையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

பதிவு 3 · மண்வாசி

உட்லண்ட்ஸ் நண்பரே, ஒரு ஹெக்டேர் புதர்க்காட்டை இரண்டு வழியிலும் சுத்தம் செய்து பார்த்தால் விடை தெரியும்.

தீ வழி: கத்தியாலும் ரம்பத்தாலும் புதரையும் சிறுமரங்களையும் சாய்ப்பார்கள். இரண்டு மூன்று வாரம் வெயிலில் காயும். சுற்றிலும் தீத்தடுப்புப் பாதை செதுக்கிப் பற்றவைத்தால் ஒரே நாளில் நிலம் வெளுத்துவிடும். கூலி, குடும்பத்தாரின் உழைப்பு மட்டும். அதோடு சாம்பல் கிடைக்கும். பீட் மண்ணின் அமிலம் கடுமையானது, பிஎச் 3லிருந்து 4க்குள் இருக்கும். சாம்பல் அந்தக் கடுமையைக் குறைத்துச் சுண்ணாம்புச் சத்தையும் பொட்டாசியத்தையும் முதல் பயிருக்குக் கொடுக்கிறது. இரண்டு மூன்று பட்டத்துக்குள் அந்தச் சத்து தீர்ந்துவிடும், மண்ணும் அந்த அளவுக்கு எரிந்து தாழ்ந்திருக்கும்.

தீயில்லா வழி: வெட்டியதை வரிசை வரிசையாக அடுக்க வேண்டும், இடைவெளியில்தான் நடவு. பீட் மண் இளகியது, சாதாரண மண்வாரி புதைந்துவிடும். அகலச் சங்கிலி உள்ளதோ, மரக்கட்டைகளை அடியில் போட்டு நகர்த்துவதோதான் முடியும். அந்த இயந்திரம் 1 ஹெக்டேருக்காகப் படகேறி வராது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து அழைத்தால்தான் வாடகை கட்டுபடியாகும். சாம்பலுக்குப் பதில் டோலமைட் சுண்ணாம்பு ஹெக்டேருக்குப் பல டன் வேண்டும், அதையும் படகில்தான் ஏற்றிவர வேண்டும். பீட் மண்ணில் தாமிரம், துத்தநாகம், போரான் மூன்றும் குறைவு, தனியாகக் கொடுக்காவிட்டால் செம்பனையின் (எண்ணெய்ப்பனையின்) நடுமட்டை வெளுத்துப்போகும். அடுக்கி வைத்த மரக்குவியல் மக்க இரண்டு ஆண்டு ஆகலாம். அதற்குள் காண்டாமிருக வண்டு அங்கே முட்டையிட்டுப் பெருகி, இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். எரிக்காமல் மறுநடவு செய்த தோட்டங்களில் அடிக்கடி வரும் தொல்லை இது. குவியலைச் சிறிதாக்கி மண்ணோடு ஒட்டப் பரப்புவதும், மேலே மூடுபயிர் படரவிடுவதும் வண்டைக் குறைக்கும்.

இன்னொரு விஷயம். அதே 2009 சட்டம், உள்ளூர் வழக்கப்படி ஒரு குடும்பம் 2 ஹெக்டேர் வரை, உள்ளூர்ப் பயிர் ரகத்துக்காக, தீத்தடுப்புப் பாதையோடு எரிப்பதற்கு விலக்கு தருகிறது. மலைப்பாங்கான சாதாரண மண்ணில், நீண்ட தரிசு விட்டுச் சுழற்சியில் எரிப்பது சில மணி நேரத்தில் அணைந்துவிடும். வடிந்த பீட் நிலத்தில் அதே தீ மாதக்கணக்கில் அடங்காது. விலக்கு தாளில் இருந்தும், நடைமுறையில் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தித் தடுத்ததால், கெடுதல் செய்யாத மலை உழவரும் மாட்டிக்கொண்டார்.

எல்லாப் பழியையும் ஏழை உழவர் தலையில் கட்டுவதும் சரியில்லை. எரித்துத் தயாரான நிலம், புதர் மண்டிய நிலத்தைவிடக் கூடுதல் விலைக்குப் போகிறது. அந்த வித்தியாசத்தில் ஆதாயம் பார்ப்பவர்களில் நிலத்தரகர்களும் உள்ளூர்ப் பெரும்புள்ளிகளும் நிறைய. தீக்குச்சி கிழிப்பவர் அன்றாடக் கூலிக்காரராக இருப்பார்.

பதிவு 4 · கணக்குப்பிள்ளை

மண்வாசி சொன்ன செலவுக் கணக்கோடு வரவுக் கணக்கையும் வைக்க வேண்டும். மாற்றுப்பயிர்த் திட்டங்கள் பல ஹெக்டேருக்கு ஆண்டு வருமானம் எவ்வளவு என்று பார்த்தே வகுக்கப்படுகின்றன. குடும்பத்துக்கு முக்கியம், காசு எத்தனை நாளைக்கு ஒருமுறை கைக்கு வருகிறது என்பது.

செம்பனையை 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 143 மரம். இரண்டரை மூன்று ஆண்டில் காய்ப்புக்கு வரும். அதன்பின் 10 முதல் 15 நாளைக்கு ஒருமுறை குலை வெட்டலாம், 25 ஆண்டு வரை. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறி விலை இறங்கும். அதனால் இடைத்தரகரே வண்டியோடு வந்து நிற்பார். பள்ளிக்கட்டணம், மருத்துவச் செலவு என்றால் முன்பணமும் தருவார். வட்டியைக் குலை விலையில் கழித்துக்கொள்வார், அது வேறு கதை. ஆனாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காசு உறுதி.

எதிர்ப்பக்கத்தில் ஜெலுத்தோங் மரத்தைப் பாருங்கள். ஈர பீட் மண்ணிலேயே வளரும், சூயிங்கம்முக்கு மூலப்பொருளான பால் தரும். ஆனால் பால் சீவ ஏறத்தாழ 10 ஆண்டு காத்திருக்க வேண்டும், பாலை வாங்க ஆள் கிடைப்பதும் அரிது. கன்றை இலவசமாகக் கொடுத்து நடச்சொல்லிவிட்டு, வாங்குபவரைத் தேடாமல் விட்டால் அது கைவிடப்பட்ட கன்றுதான்.

அன்னாசி நடுவழி. அமில மண்ணை நன்றாகத் தாங்கும். பக்கத்தில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துப் பொந்தியானில் பீட் மண்ணில்தான் நெடுங்காலமாக விளைகிறது, ஹெக்டேருக்கு 40,000க்கும் மேல் கன்று நடுகிறார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் பழம். சிக்கல் எங்கே வரும் என்றால், ஒரு மாவட்டமே ஒரே மாதத்தில் நட்டு ஒரே மாதத்தில் அறுக்கும்போது. பழம் குவிந்து விலை சரியும். மாதம் பிரித்து நடுவதும், பக்கத்திலேயே பழச்சாறோ ஜாமோ செய்யும் ஆலை இருப்பதும் முன்நிபந்தனை.

லிபெரிக்கா காப்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமத்ராவில் ஜம்பி மாநிலத்தின் தஞ்சுங் ஜாபுங் பாராட் மாவட்டத்தில் பீட் மண்ணில் பாக்கு மரத்தின் நிழலில் பயிராகிறது. பாக்கும் காப்பியும் வேறு வேறு நேரத்தில் காசு தருவதால் குடும்பம் தாக்குப்பிடிக்கிறது. இதற்கும் ஓரளவு வடிகால் தேவை என்பதை மறைக்கக்கூடாது, ஆழமில்லாத பீட் மண்ணுக்கே இது பொருந்தும்.

பதிவு 5 · மதகுக்காரர்

பதிவர் நீர்மட்டம் கேட்ட தலைப்புக்கு வருகிறேன். "வாய்க்காலை அடைப்பது" என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். தடுப்பணை உடைவதற்குக் காரணம் கட்டும் முறையிலேயே இருக்கிறது.

முதலில் சரிவை அளக்க வேண்டும். பீட் நிலம் தட்டையாகத் தெரிந்தாலும் இரண்டு ஆறுகளுக்கு நடுவே மேடாகக் குவிந்திருக்கும். நீர் மேட்டிலிருந்து ஆற்றை நோக்கி இறங்குகிறது. ஒரே பெரிய அணையைக் கட்டி 1 மீட்டர் நீரைத் தேக்கினால் அழுத்தம் தாங்காமல் அடியிலும் ஓரத்திலும் அரித்துக்கொண்டு போய்விடும். அதனால் படிப்படியாகப் பல தடுப்பணைகள். ஒவ்வொன்றின் மேல்புறத்துக்கும் கீழ்ப்புறத்துக்கும் நீர்மட்ட வித்தியாசம் 20 முதல் 30 செ.மீ.க்குள் இருந்தால் நிற்கும்.

சிறிய வாய்க்காலுக்குப் பெட்டி அணை போதும். சதுப்பு நிலத்தில் வளரும் கெலாம் மரத்தின் கம்புகளை இரண்டு வரிசையாக அடிக்க வேண்டும். பீட் ஆழம் குறைவென்றால் அடியிலுள்ள களிமண் வரை கம்பு இறங்க வேண்டும். ஆழம் அதிகமென்றால் இறங்குகிற மட்டும் இறக்கிக் குறுக்குக் கம்புகளால் இறுக்கிக் கட்ட வேண்டும். இரண்டு வரிசைக்கும் நடுவில் மண்காப்புத் துணி விரித்து, களிமண் நிரப்பிய சாக்குகளை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். பக்கத்தில் கிடக்கும் பீட் மண்ணையே அள்ளிச் சாக்கில் போடுவது பெரும்பிழை. இறுக்கப்படாத பீட் எடையற்றது, நீர் ஏறியதும் மிதக்கப் பார்க்கும், கசியும். இயந்திரத்தால் அடுக்கடுக்காக நசுக்கி இறுக்கிய பீட் அணை நன்றாக நிற்கும். கையால் கட்டும்போது அந்த இறுக்கம் வராது.

இரு கரைகளுக்குள்ளும் அணையின் சிறகுகள் குறைந்தது 2 மீட்டராவது புக வேண்டும். அணை உடைவதில் பெரும்பாலானவை நடுவில் உடைவதில்லை. நீர் பக்கவாட்டில் கரையை அரித்துப் புதுவழி போட்டுக்கொள்ளும். நடுவில் உபரிநீர் வழியும் தாழ்வாய் இருக்க வேண்டும், கீழே நீர் விழும் இடத்தில் கம்புகளைப் பரப்பிப் பாய் போல் விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் குழி விழுந்து அணை முன்னே சாயும்.

மரம் நீருக்குள் மூழ்கியிருக்கும் வரை நீடிக்கும். நீருக்கு வெளியே தெரியும் பகுதி சில ஆண்டில் உளுத்துப்போகும். வெயில் படும் பிளாஸ்டிக் சாக்கும் நார் நாராகக் கிழிந்துவிடும். தரையே ஆண்டுதோறும் தாழ்வதால் அணையின் உச்சியும் கரையும் ஒரே சீராக இறங்காது. ஆண்டுக்கு ஒருமுறை உச்சியை ஏற்றி, சாக்கு மாற்றி, சிறகுகளைச் சோதிக்கப் பணம் ஒதுக்காத திட்டத்தில் மூன்றாவது ஆண்டு அணை பெயருக்குத்தான் இருக்கும். கட்டியவற்றின் எண்ணிக்கையை அறிக்கையில் போடுகிறவர்கள், அவற்றில் நீரைப் பிடித்துக்கொண்டிருப்பவை எத்தனை என்பதையும் போட வேண்டும்.

பதிவு 6 · ஜூரோங் தம்பி

அண்ணே, கிராமத்து ஆட்களே அணையை வெட்டிவிடுகிறார்கள் என்று படித்தேன். அவர்கள் நலத்துக்காகக் கட்டியதை அவர்களே உடைத்தால் யாரைக் குறை சொல்வது?

பதிவு 7 · மதகுக்காரர்

தம்பி, அந்த வாய்க்கால்தான் அவர்களுக்குச் சாலை. ரப்பர் பால், செம்பனைக் குலை, மாவு எடுக்கும் சாகோ பனையின் துண்டு, நோயாளி எல்லாம் அதில்தான் போக வேண்டும். அதை அடைத்தால் படகை இறக்கிச் சரக்கைத் தலைச்சுமையாகச் சுமந்து மறுபுறம் ஏற்ற வேண்டும். அடிமடியில் கைவைத்தால் யாரும் வெட்டத்தான் செய்வார்கள்.

படகுவழி உள்ள அணை என்று ஒன்று இருக்கிறது. உபரிநீர்த் தாழ்வாயை 1 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக அகலப்படுத்தி, இருபுறமும் சாய்வாக வழுவழுப்பான மரக்கட்டைகளைப் பதித்தால் இரண்டு பேர் சிறிய மரப்படகை இழுத்துக் கடத்திவிடலாம். பெரிய சரக்கு போகும் வாய்க்கால் என்றால் பலகை போட்டு எடுக்கும் மதகு வேண்டும். செலவு கூடும், ஆனால் நிற்கும்.

உடைப்புக்கு இன்னொரு காரணம் மேல்புறத் தோட்டம். அணை கட்டிய பின் முதல் மழைக்காலத்தில் யாருடைய ரப்பர் கன்று நீரில் நிற்கும் என்பதை முன்கூட்டியே குறித்துவிடலாம். மழைக்கால உச்சத்தில் அந்த இடத்தில் நடந்து, நீர் ஏறக்கூடிய எல்லைக்குக் குச்சி நட்டு, அந்த எல்லைக்குள் யார் யார் நிலம் வருகிறது என்று கிராமக் கூட்டத்தில் பேசி, இழப்பீடோ மாற்று நிலமோ எழுதிய பின்தான் கம்பு அடிக்க வேண்டும். வறட்சிக் காலத்தில் வந்து அளந்துவிட்டுப் போகும் ஒப்பந்தக்காரருக்கு இது கண்ணில் படாது.

சுமத்ராவின் ரியாவ் மாநிலம் மெராந்தித் தீவுகளில் உள்ள சுங்கை தோஹோர் நல்ல எடுத்துக்காட்டு. 2014 நவம்பரில் அதிபர் ஜோக்கோ விடோடோ அங்கே போய் வாய்க்காலை அடைக்கும் வேலையில் கைகொடுத்தார். அந்த ஊரில் அணை வேண்டும் என்று கேட்டதே ஊர்மக்கள். பக்கத்தில் பெருந்தோட்டத்துக்காக வெட்டிய வாய்க்கால் அவர்கள் சாகோவைக் காயவைத்துக்கொண்டிருந்தது.

பதிவு 8 · தேக்கா அக்கா

மதகுக்காரர் சாகோவில் கொண்டுவந்து விட்டுவிட்டார், அங்கிருந்தே தொடர்கிறேன். வடிகாலே வேண்டாத பயிர் அது. நட்டு 10 முதல் 12 ஆண்டில் முதல் மரம் வெட்டலாம். பூத்துவிட்டால் மரத்திலுள்ள மாவு குறைந்து மரமும் செத்துவிடும், அதனால் பூக்கும் முன் வெட்ட வேண்டும். ஒரு மரத்தில் ஏறத்தாழ 150 முதல் 300 கிலோ மாவு. அடியிலிருந்து பக்கக்கன்றுகள் வந்துகொண்டே இருக்கும். அத்தனையையும் விட்டால் ஒன்றும் பெருக்காது, வயது வித்தியாசத்தோடு சிலவற்றை மட்டும் விட்டு மற்றதைக் கழிக்க வேண்டும். இப்படிப் பராமரித்த தோப்பில் மறுநடவு இல்லாமலே ஆண்டுதோறும் மரம் கிடைக்கும். கணக்குப்பிள்ளை சொன்ன காத்திருப்புச் சிக்கல் முதல் தலைமுறைக்குத்தான் முழுதாக உண்டு.

வெட்டிய தண்டை 1 மீட்டர் அளவுத் துண்டுகளாக அறுத்து, தெப்பமாகக் கட்டி வாய்க்காலில் ஆலைக்கு மிதக்கவிடுவார்கள். ஆலையில் துருவி, நீர்விட்டுப் பிசைந்து, மாவைத் தெளியவைப்பார்கள். இங்கே இரண்டு கோளாறுகள். பீட் நிலத்துப் பழுப்பு நீரிலேயே கழுவினால் மாவும் பழுப்பேறி விலை குறையும். சக்கையை அப்படியே வாய்க்காலில் தள்ளினால் நீர் நாறிப்போகும். மழைநீர்த் தொட்டியும், உலர்த்தும் கூடமும் இருந்தால் ஈர மாவாக அடிமாட்டு விலைக்கு விற்காமல் உலர் மாவாக விற்கலாம். மெராந்தியின் மாவில் பெரும்பகுதி ஜாவாவின் சிரெபோனுக்குப் போகிறது. நம் பாயசத்து ஜவ்வரிசி இன்று மரவள்ளியிலிருந்து வருகிறது. உலகப் போரால் இறக்குமதி நின்ற பிறகுதான் சேலத்தில் அந்தத் தொழில் வேரூன்றியது. அதற்கு முன் சாகோ மரத்து ஜவ்வரிசியைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்த பெரிய துறைமுகம் நம் சிங்கப்பூர்.

அடுத்தது பெண்கள் கைவேலை. பூருன் என்னும் கோரை, நீர் நிற்கும் பீட் நிலத்தில் தானாக வளரும். பிடுங்கி, வெயிலில் வாட்டி, உலக்கையால் தட்டித் தட்டையாக்கி, சாயம் தோய்த்துப் பாயும் கூடையும் முடைகிறார்கள். காயாமல் முடைந்தால் பூஞ்சை பிடிக்கும், அதிகம் காய்ந்தால் தட்டும்போது கிழியும். ஒரு பாய்க்குக் கிடைக்கும் காசு அதற்கான உழைப்புக்குக் காணாது. கூடை, பை என்று மாற்றியபோதே விலை கிடைக்கிறது. வயலுக்காகக் கோரைநிலத்தை வடித்தால் முதலில் வருமானம் இழப்பது பெண்கள். திட்டம் வகுக்கும் கூட்டத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதால் இந்த இழப்பு கணக்கில் ஏறுவதே இல்லை. இதை மாற்றியே ஆக வேண்டும்.

மீனும் உண்டு. கலிமந்தானில் தயாக் மக்கள் ஆற்றோரத்தில் பெஜே என்னும் குளங்களை வெட்டுவார்கள். வெள்ளத்தில் விராலும் பனையேறிக் கெண்டையும் உள்ளே வரும், நீர் வடிந்ததும் அங்கேயே தங்கும், வறட்சியில் பிடிக்கலாம். அதே குளம் தீயணைக்க நீரும் தரும்.

மலைத்தேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரியாவில் சியாலாங் மரங்களில் பெருந்தேனீ கூடு கட்டும். முழுக் கூட்டையும் அறுக்காமல் தேன் உள்ள தலைப்பகுதியை மட்டும் வெட்டி, புழு அறையை விட்டுவிட்டால் தேனீ அதே இடத்தில் மறுபடி கட்டும். கையால் பிழிந்தால் மகரந்தமும் புழுவும் கலந்து புளிக்கும், துணியில் வைத்துச் சொட்டவிட வேண்டும். இந்தத் தேனில் ஈரம் அதிகம். அனைத்துலக உணவுத்தர நெறி 20 விழுக்காட்டுக்குமேல் ஈரம் கூடாது என்கிறது, எனவே ஈரம் உறிஞ்சும் அறையில் வைத்துக் குறைக்காமல் புட்டியில் அடைத்தால் கடையில் நுரைத்துப் பொங்கும். ஈரம் காட்டும் சிறு கருவி ஒன்று ஊர்ச் சங்கத்தில் இருந்தால் போதும், திருப்பி அனுப்பப்படும் சரக்கு குறைந்துவிடும்.

பதிவு 9 · சட்டப்பக்கம்

எல்லோரும் பயிரைப் பேசுகிறீர்கள். நிலம் யாருடையது என்பது தெளியாமல் எந்தக் குடும்பமும் 12 ஆண்டு காத்திருக்கும் மரத்தை நடாது.

இந்தோனேசியாவில் செம்பனைப் பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு சிறுதோட்டக்காரர்களிடம் உள்ளது. அவர்களில் பலரது நிலம் வரைபடத்தில் "வனப்பகுதி" என்று குறிக்கப்பட்டிருக்கிறது. பட்டா கிடைக்காது. பட்டா இல்லாவிட்டால் வங்கிக் கடன் இல்லை, தரச்சான்று இல்லை, அரசின் மறுநடவு மானியமும் இல்லை. 2024ல் அந்த மானியத்தை ஹெக்டேருக்கு 6 கோடி ரூப்பியாவாக உயர்த்தினார்கள், ஒருவருக்கு 4 ஹெக்டேர் வரை. வனப்பகுதிக்குள் இருப்பவர் விண்ணப்பிக்கவே முடியாது. பழைய மரத்தில் காய்ப்பு குறையக் குறைய, அவருக்குத் தெரிந்த ஒரே வழி இன்னும் உள்ளே போய்ப் புதுக்காட்டை வெட்டுவது. பழைய தோட்டத்தில் விளைச்சலைக் கூட்ட உதவாமல் விட்டால் காட்டின் ஓரம் நகர்ந்துகொண்டே போகும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடைச் சட்டமும் இதையே கிளறுகிறது. 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்துச் சரக்கு அங்கே போகக்கூடாது. 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்டத்துக்கு எல்லைக்கோட்டு வரைபடம், அதற்குக் கீழ் உள்ளதற்கு இடம் காட்டும் ஓர் ஆயப்புள்ளி (ஜிபிஎஸ் புள்ளி) போதும். அந்தப் புள்ளியைக் கைபேசியில் எடுப்பது சுலபம். நிலம் சட்டப்படியானது என்று காட்டும் தாள்தான் இல்லை. ஆலைக்காரர் தொந்தரவு வேண்டாமென்று சிறுதோட்டக்காரரையே ஒதுக்கிவிட்டால், சட்டம் காட்டையும் காக்காது, குடும்பத்தையும் காக்காது.

சமூக வனவியல் என்ற பெயரில் 1.27 கோடி ஹெக்டேரை ஊர்களிடம் கொடுப்பது இந்தோனேசிய அரசின் இலக்கு. ஊர்க்காட்டு உரிமம் 35 ஆண்டுக்கு. 2013 மே மாதம் அரசியல் சாசன நீதிமன்றம், பரம்பரை வழக்காற்றுக் காடு அரசுக் காட்டில் சேராது என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் ஒவ்வொரு சமூகமும் வட்டார அரசின் அங்கீகாரம் பெற்று, பிறகு அமைச்சில் பதிய வேண்டியிருப்பதால் நகர்வு மெது.

இந்தியாவின் 2006 வன உரிமைச் சட்டத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அங்கே கிராம சபையிலேயே கோரிக்கை தொடங்குகிறது. பழங்குடிகள் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அனுபவித்த நிலம், அதிகபட்சம் 4 ஹெக்டேர். பழங்குடி அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு குடியிருப்பைக் காட்ட வேண்டும். தேன், மெழுகு, மூங்கில் உள்ளிட்ட சிறுவனப் பொருள்கள் மீது உடைமையே தருகிறது. சத்தியமங்கலத்துக்கு அடுத்திருக்கும் கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில், 2002 வனவிலங்குச் சட்டத் திருத்தத்துக்குப் பின் விற்பனைக்காக நெல்லியும் தேனும் சேகரிப்பது தடையாகி, அங்குள்ள பழங்குடியினரான சோலிகர்கள் கூலி வேலைக்கு வெளியூர் போக நேர்ந்தது. 2011ல் அவர்களின் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது, அதுவும் புலிகள் காப்பகத்துக்குள். காடும் குடியும் ஒரே இடத்தில் இருக்கச் சட்டம் இடம் கொடுக்கலாம் என்பதற்கு அது சான்று.

உரிமை தெளியாமல் வேலி மட்டும் போட்டால் என்னாகும் என்பதற்கு ரியாவின் தெஸ்ஸோ நீலோ தேசியப் பூங்கா. 2004ல் அறிவித்து, 2009ல் 83,068 ஹெக்டேராக விரித்தார்கள். அதன் பெரும்பகுதி இன்று செம்பனை. 2025ல் படையை அனுப்பிக் குடியேறியவர்களை வெளியேற்றத் தொடங்கினார்கள். யானைக்கும் இடமில்லை, குடும்பத்துக்கும் போக்கிடமில்லை என்ற நிலை வரும்வரை விட்டிருக்கக்கூடாது.

பதிவு 10 · பழைய சிங்கை

நம் தீவும் இதைக் கண்டதுதான். 19ஆம் நூற்றாண்டில், தோல் பதனிட உதவும் கம்பீர் செடியின் தோட்டங்கள் காட்டைத் தின்றன. கம்பீர் இலையைக் கொதிக்கவைத்துச் சாறிறக்க விறகு வேண்டும், அதனால் தோட்டத்தோடு பக்கத்துக் காடும் போனது. பதினைந்து இருபது ஆண்டில் மண் சலித்ததும் தோட்டக்காரர் அடுத்த இடத்துக்கு நகர்ந்து, கடைசியில் ஜொகூருக்கே போனார்கள். 1883ல் தாவரவியல் பூங்காக் கண்காணிப்பாளர் நத்தேனியல் காண்ட்லி ஆய்ந்தபோது சிங்கப்பூரில் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக் காடே மிஞ்சியிருந்தது. தாபான் மரத்துப் பிசினும் அப்படித்தான். கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாக உலகமே கேட்டது. சீவி எடுக்காமல் மரத்தையே வீழ்த்தி எடுத்ததால், அந்த நூற்றாண்டின் நடுவிலேயே இங்கே தாபான் அருகிப்போனது. காட்டுப் பொருளுக்குச் சந்தை கிடைத்தால் காடு பிழைக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். யார் எவ்வளவு எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு இல்லாத சந்தை மரத்தைச் சாய்க்கும்.

பதிவு 11 · ஜூரோங் தம்பி

எல்லாம் சரி, ஆனால் கிராமத்து வாய்க்கால் 1, 2 மீட்டர் அகலம். பெருந்தோட்டத்தின் வாய்க்கால் அதைப்போல் பல மடங்கு. 1995ல் சுஹார்த்தோ ஆட்சி மத்திய கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேர் நெல் என்று சொல்லி 4,000 கிலோமீட்டருக்கு மேல் வாய்க்கால் வெட்டிவிட்டுப் போனதே, அதையும் ஊர்க்காரர் சாக்கு அடுக்கி அடைக்க முடியுமா?

பதிவு 12 · நீர்மட்டம்

முடியாது தம்பி, சரியான இடத்தில் கைவைத்தாய். பீட் நிலம் இரு ஆறுகளுக்கிடையே ஒரே நீர்த்தொகுதி. அதன் ஒரு முனையில் பெருந்தோட்டம் ஆழமாக வடித்தால், மறுமுனையில் ஊர் கட்டிய அணைக்குப் பின்னாலும் நீர் நிற்காது. எனவே தொகுதி முழுவதற்கும் ஒரே நீர்த்திட்டம், பெரிய வாய்க்காலை அடைக்கும் செலவு வெட்டியவருக்கு. 2016ல் தொடங்கிய பீட் மீட்பு முகமை ஈரப்படுத்தல், மரம் நடல், வாழ்வாதாரம் என்று மூன்றையும் சேர்த்து எடுத்தது நல்ல அணுகுமுறை. மூன்றாவதற்குப் போதிய பணம் போகாததே அதன் பலவீனம் என்பது என் கருத்து. நம் பக்கத்தில் 2014ன் எல்லைகடந்த புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டம் நாளுக்கு 1 லட்சம் வெள்ளி, மொத்தம் 20 லட்சம் வெள்ளி வரை நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்க வழி செய்கிறது. அது பெருந்தோட்டக்காரரை நோக்கியது, சிறுதோட்டக்காரரைத் தொடாது. தொடவும் வேண்டியதில்லை.

பக்கத்திலேயே ஓடும் ஒரு முறையைச் சொல்கிறேன். மலேசியாவில் சிலாங்கூரின் ராஜா மூசா வனத்தில் 2008லிருந்து ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு மீட்பு நடக்கிறது. வாய்க்காலை அடைத்து, எரிந்த இடத்தில் முதலில் மஹாங் மரக்கன்று நடுகிறார்கள். வெயிலைத் தாங்கி வேகமாக வளரும் மரம் அது, அதன் நிழலில்தான் மற்றவை பிழைக்கும். கன்றுகளை ஊர்க்காரர்களே வளர்க்கிறார்கள், திட்டம் விலைகொடுத்து வாங்கிக்கொள்கிறது. அந்த வட சிலாங்கூர் பீட் காட்டின் நீரை நம்பித்தான் தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்கள் இருக்கின்றன. காடு காய்ந்தால் வயலும் காயும் என்பது அங்கே நெல் விவசாயிக்கே தெரியும்.

பதிவு 13 · உட்லண்ட்ஸ் வாசகர்

என் கேள்விக்கு விரிவாக விடை கிடைத்தது, நன்றி மண்வாசி. கடைசியாக ஒன்று: 40 செ.மீ. என்கிறீர்களே, அதை ஊர்க்காரர் எப்படி அளப்பார்? பெரிய கருவி வேண்டுமா?

பதிவு 14 · மதகுக்காரர்

2 அங்குலப் பிவிசி குழாய் போதும். சுவரில் சிறு துளைகள் இட்டு, அடியிலுள்ள களிமண்ணில் ஊன்றி நிற்கும்வரை இறக்க வேண்டும். பீட் மண்ணிலேயே நிறுத்தினால் தரை தாழும்போது குழாயும் சேர்ந்து இறங்கி அளவு பொய்யாகும். வாய்க்காலை ஒட்டி நடக்கூடாது, அங்கே நீர் எப்போதும் தாழ்ந்து காட்டும். இரண்டு வாய்க்காலுக்கு நடுவே நட வேண்டும். மேலே மூடி.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு அளவு: குழாய் உச்சியிலிருந்து நீர் வரை, உச்சியிலிருந்து தரை வரை. முதலாவது 110, இரண்டாவது 70 என்றால் நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 செ.மீ. ஆண்டு போகப்போக இரண்டாவது அளவு கூடினால், தரை அந்த அளவு தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே குழாயில் இரண்டும் தெரியும்.

அளப்பவருக்குக் கூலி கொடுங்கள், ஊர்த் தீயணைப்புக் குழுவில் ஒருவரே செய்யலாம். முக்கியமானது காலம். தென் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கடும் வறட்சி, ரியாவில் பிப்ரவரி, மார்ச்சிலும் ஒரு வறட்சி உண்டு. நீர் 30 செ.மீ.க்குக் கீழே இறங்கிய பிறகு மதகில் பலகை ஏற்றிப் பயனில்லை, தேக்க நீர் இருக்காது. கடைசி மழை முடிவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே பலகை ஏறிவிட வேண்டும். அந்த வாரங்களில் யார் தோட்டத்தில் நீர் நிற்கும் என்று பதிவு 7ல் சொன்ன கூட்டத்தில் பேசி முடித்திருக்க வேண்டும்.